நான் திருப்பி அனுப்பிய அப்பா

எனக்கு வாய் ஜாஸ்தி. ஊரே சொல்லும், நானும் ஒத்துக்கொள்கிறேன். கடலூர் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிற வேலை எனக்கு. நாள் பூராவும் அடுத்தவர் பேச்சை வாயை மூடிக்கொண்டு அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்த்துவிடுவேன். ஆனால் இந்த வேலையில் சேர்வதற்கு முன்னாடியே, இருபத்தொரு வயசில், நான் பேசிய ஒரு பேச்சு இருக்கிறது. மொத்தம் நாலு வார்த்தைதான் இருக்கும். அதற்கு மூணு வாரத்துக்கு முன்னால்தான் பதில் கிடைத்தது.

எங்கள் அப்பா குடிகாட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். ஊசி போடுவது, கட்டு கட்டுவது, மிக்ஸ்சர் மருந்து கலந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். டாக்டர் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வந்துவிட்டுப் போவார். மீதி நேரம் ஜனங்களுக்கு அப்பாதான் டாக்டர். எனக்குப் பதினாறு வயசாகும்போது, கிளினிக்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. என் தங்கைக்கு அப்போது ரெண்டு வயசு. எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் பிறந்த ரெண்டும் தங்கவில்லை.

அப்பா போய் ஐந்தாவது வருஷம் குடிகாட்டு ஆட்கள் ஒரு முடிவு செய்தார்கள். கிளினிக் வாசலில் கம்பவுண்டருக்கு ஒரு தலைச்சிலை வைப்பது என்று. சிதம்பரம் பக்கம் ஒரு சிற்பி இருந்தார். கோயிலுக்குச் சுதைச்சிலை, மாதா கோயிலுக்குச் சொரூபம், கட்சிக்காரர்களுக்குத் தலைவர் சிலை என்று எல்லாம் செய்வார். அவரிடம் சொன்னார்கள். நாங்கள் ஒரு போட்டோ கொடுத்தோம். வேலைக்கு எழுதிப்போட எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். அப்பா அதில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்த ஆள் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார்.

சிலையை மெட்டடார் வண்டியில் கொண்டு வந்து இறக்கினார்கள். பழைய வேட்டி போட்டுச் சுற்றியிருந்தது. வாசலில் சிமெண்டு மேடை தயார். கூட்டமான கூட்டம். தங்கை பள்ளிக்கூடம் போயிருந்தாள். அம்மாவையும் என்னையும் முன்னால் நிறுத்தி, சிற்பி வேட்டியைப் பிரித்தார். நான் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "இது எங்கப்பா இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு மேலும் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்டால் தெரியாது. கோபத்தில் பேசியது எனக்கு என்றைக்கு ஞாபகம் இருந்தது?

அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "ஏம்மா, நல்லா பாரும்மா, அச்சு அசல் அவருதானே" என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அது வழக்கமில்லை. செத்தவரைப் பற்றி வீட்டு ஆட்கள் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஊர் பேசாது. "பெத்த பொண்ணே இல்லன்னுடுச்சி, அப்புறம் இன்னா இருக்கு" என்று பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மாவைக் கேட்டார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சிற்பி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிம்மா" என்று சொல்லி வேட்டியை மறுபடியும் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டார். அந்த மேடையில் பிற்பாடு குடிதண்ணீர்ப் பானை வைத்தார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வெட்கமில்லை, பெருமை. அப்பா விஷயத்தில் என் பேச்சுக்கு ஊரே கட்டுப்பட்டதே என்கிற பெருமை.

அந்தப் பெருமையை வெளியே காட்ட வழியில்லாமல் தங்கையிடம் காட்டினேன். அவள் சின்ன வயசிலிருந்தே கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்பா எப்படி நடப்பார், அப்பா என்ன சாப்பிடுவார், அப்பா என்னைத் தூக்குவாரா. இஷ்டம் இருந்தால் பதில் சொல்வேன். அவளாக ஏதாவது சொல்ல வந்தால் மட்டும் விடமாட்டேன். "சும்மா இரு. ரெண்டு வயசுல உனக்கு இன்னா தெரியும்?" என்று வாயை அடைத்துவிடுவேன். அவளும் பெரியவளாக ஆக ஆக அப்பா பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

போட்டோ என்று இருந்தது ரெண்டு. அந்த பாஸ்போர்ட் சைஸ் படமும், கல்யாணப் படமும். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் இடுப்பளவுக்கு வந்த வருஷம் ரெண்டும் போயின. தண்ணீர் வடிந்த பிறகு கல்யாணப் படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரித்தேன். காகிதம் என் கையோடு வந்தது, ரெண்டு பேர் முகமும் கண்ணாடியோடு போனது. அம்மாவுக்கு வேறு படம் இருந்தது, என் கல்யாணத்தில் எடுத்தது. அப்பாவுக்கு இல்லை. அம்மாவும் அடுத்த ரெண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். அப்பா முகம் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.

மூணு வாரத்துக்கு முன்னால் தங்கை போன் செய்தாள். அவள் சிதம்பரத்தில் டீச்சர். சொந்தமாக வீடு கட்டி முடித்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், முந்தின நாள் பெரியவங்களுக்குப் படையல்.

"அக்கா, அந்தச் சிற்பி இருந்தாரில்ல, அவரு பட்டறைய மியூசியமா ஆக்கியிருக்காங்க. எங்க ஸ்கூல் பசங்கள கூட்டிட்டுப் போனாங்க. நான் போகல. போன டீச்சர் வந்து சொல்றாங்க, வேணாம்னு திருப்பி அனுப்புன தலையெல்லாம் அங்கதான் வரிசையா இருக்காம்."

நான் பேசவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"படையலுக்கு அம்மா படத்த வெக்கிறேன். பக்கத்துல என்னத்த வெக்கிறது? வெறும் வேட்டியையும் துண்டையுமா வெக்க முடியும்? எனக்கு அவரு முகமே தெரியாதுக்கா. நீ வா. வந்து எது அப்பான்னு காட்டு. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். போதும்."

"அது அவரு மாதிரி இல்லடி. அதனாலதான வேணாம்னேன்."

"கொஞ்சமாவது இருக்குமில்ல? அந்தக் கொஞ்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. நாற்பது வயசுப் பெண், ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி மேய்க்கிறவள்.

சனிக்கிழமை காலையில் திருப்பாப்புலியூரில் பஸ் ஏறினேன். குடிகாடு வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை. பஸ் நிற்காமல் போனது. புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் மனசுக்குள் அப்பா முகத்தைக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டே போனேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளை கடைசியாக ஒருதரம் புரட்டிப் பார்க்குமே, அப்படி. வருகிற மாதிரி இருந்தது. சரிதான், பார்த்தால் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் தங்கை ஸ்கூட்டியோடு நின்றாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். "இன்னாடி, பொண்ணு பாக்கப் போறோமா?" என்றேன். "மொத தடவை பாக்கப் போறேன்ல" என்றாள். அதற்கு மேல் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

பட்டறை ஊரைத் தாண்டி வயல் ஓரத்தில் இருந்தது. மியூசியம் என்றதும் நான் என்னவோ கற்பனை செய்துவிட்டேன். நீளமான தகரக் கொட்டகை, அவ்வளவுதான். தரையைப் பூசி, சுவருக்கு வெள்ளையடித்து, நாலு டியூப் லைட் போட்டிருந்தார்கள். வாசலில் எழுதியே வைத்திருந்தார்கள், செருப்போடு உள்ளே வரலாம் என்று. அப்படியும் எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் போவார்களாம். நாங்களும் கழற்றினோம். உள்ளே மூளிக் கையோடு ஒரு மாதா, தும்பிக்கை ஒட்டாத பிள்ளையார். அந்தப் பிள்ளையார் நெற்றியில் யாரோ குங்குமம் வேறு வைத்திருந்தார்கள்.

"தினமும் துடைக்கிறேன், தினமும் வெக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு அம்மா வந்தார். சிற்பியின் மருமகள். என் வயசுதான் இருக்கும், நைட்டி மேல் துண்டு. சிற்பி இறந்த பிறகு இந்த இடத்தை விற்கவிடாமல் பிடிவாதமாக வைத்திருப்பவர் இவர்தான் என்று தங்கை வழியிலேயே சொல்லியிருந்தாள். "நல்லா வந்ததெல்லாம் கோயிலுக்கும் ரோட்டுக்கும் போயிடுச்சிங்க. எங்ககிட்ட இருக்கறது பூரா கோளாறு உள்ளதுதான். பரவால்லன்னா பாருங்க" என்று சிரித்தார்.

சுவரில் உளி, கரண்டி, அளவு எடுக்கிற வளைவுக் கம்பிகள் எல்லாம் ஆணியில் தொங்கின. ஒரு மூலையில் ஐயனார் குதிரையின் கால் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. இன்னொரு மூலையில் கைகள், ஏழெட்டு இருக்கும். எல்லாம் ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டிருக்கிற தலைவர்களின் கை. எந்தத் திக்கைக் காட்டுவது என்று கட்சிக்குள் ஒத்துவராமல் திரும்பி வந்தவையாம். வேறு நாளாக இருந்தால் அங்கேயே அரைமணி நேரம் நின்று சிரித்திருப்பேன்.

கொட்டகையின் நடுவில் நீளமாக ஒரு கல் மேடை. அதன் மேல் பதினோரு தலை, ஒரே வரிசையில் வாசலைப் பார்த்து. முன்னால் ஊர் இல்லை, பேர் இல்லை, ஒரு அட்டையும் இல்லை.

"எழுத்தெல்லாம் பின்னாடி இருக்குங்க" என்றார் அந்த அம்மா. "மாமாவுக்கு ஒரு பழக்கம். தலை திரும்பி வந்துச்சின்னா, யாரு, எதுக்கு வேணாம்னாங்கன்னு பின்கழுத்துல கறுப்பு பெயிண்டால எழுதி வெச்சிடுவாரு. அடுத்த தடவை அந்தத் தப்பு வரக்கூடாதாம். பசங்க வந்தா பின்பக்கம் போயி படிச்சிப் படிச்சி உருண்டு புரண்டு சிரிக்கும். போய்ப் பாருங்க."

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். தங்கை என் கையைப் பிடித்துவிட்டாள்.

"பின்னாடி போகாதக்கா. முன்னாடியே நின்னு, நீ பாத்துக் காட்டு. எழுதியிருக்கிறத யாரு வேணா படிக்கலாம். நீ காட்டி நான் பாக்கணும்."

அவள் ஆசை நியாயம்தான். நான் பார்க்க ஆரம்பித்தேன். முதல் ஆளுக்குத் தலைப்பாகை. அவர் இல்லை. ரெண்டாவது வழுக்கை. அதுவும் இல்லை. ஒருவருக்குக் கழுத்தில் சிலுவை, ஒருவர் நன்றாகப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தள்ளினேன். மிச்சம் ஏழு முகம். எல்லாவற்றுக்கும் மீசை, எல்லாவற்றுக்கும் வாரிவிட்ட முடி. ஒவ்வொன்றும் அப்பாவாக இருக்கலாம் போல இருந்தது, ஒன்றுகூட அப்பாவாகத் தெரியவில்லை.

கண்ணை மூடி அப்பாவை நினைத்தேன். சட்டையில் அடிக்கிற ஸ்பிரிட் வாசனை வந்தது. சைக்கிளை நிறுத்துகிற சத்தம் வந்தது. "விளக்க அணைச்சிட்டுப் படு" என்கிற குரல் வந்தது. வேர்வையில் நனைந்த முதுகு வந்தது. முகம் வரவில்லை. முகம் என்று நான் இத்தனை வருஷமாக வைத்திருந்தது அந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தை. அதுவும் இப்போது மங்கலாக, மீசையும் முறைப்பும் மட்டும்தான் மிச்சம்.

கோர்ட்டில் இப்படி ஆட்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். "நீங்க பாத்தது இவரைத்தானா?" என்று வக்கீல் கேட்பார், சாட்சி பேந்தப் பேந்த விழிப்பார். அடித்துக்கொண்டே மனசுக்குள் திட்டுவேன், கண்ணால பார்த்த ஆளை மறந்துட்டு நிக்குதே தத்தி என்று. அன்றைக்கு அந்தத் தத்தி நான்தான்.

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது தெரியலை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வரிசையில் ரொம்ப முறைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "இவருதான்" என்றேன்.

"அப்பா" என்று சொன்னாள். சத்தமே இல்லாமல். முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். கன்னத்தைத் தொட்டாள், மீசையைத் தொட்டாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "மூக்கு என்னுது மாதிரியே இருக்குல்லக்கா?" என்றாள். "ஆமாண்டி" என்றேன். போனை எடுத்து முன்னால், பக்கவாட்டில், கிட்டத்தில் என்று நாலு போட்டோ எடுத்தாள். நானும் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

பின்னால் நின்ற அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை போல. "அவரு புவனகிரி ரைஸ்மில்காரருங்க" என்றார் மெதுவாக. "நீங்க அந்த வீடா?"

தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மேடைக்குப் பின்பக்கம் போனாள். அங்கே எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். "புவனகிரி மில். ரொம்ப கோவமா இருக்காரு. சொன்னது சம்சாரம்."

"உங்கப்பா எந்த ஊருங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"குடிகாடு."

"கம்பவுண்டரா?"

தலையை ஆட்டினேன். அவர் வரிசையின் கடைசிப் பக்கம் போனார். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த ஆளின் தலையில் கை வைத்தார். நான் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிட்ட ஆள்.

தங்கை அந்தத் தலைக்குப் பின்னால் போய் நின்றாள். நேரம் ஆயிற்று, படிக்கவில்லை. நானே போனேன். கறுப்பு பெயிண்ட் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது. "குடிகாடு கம்பவுண்டர். எங்கப்பா சிரிக்க மாட்டாரு. சொன்னது மூத்த பொண்ணு."

இதைத்தான் அன்றைக்குக் கத்தியிருக்கிறேன்.

"பசங்க இதப் படிச்சிட்டுத்தான் ஜாஸ்தி சிரிக்கும்" என்றார் அந்த அம்மா. "எனக்கு மட்டும் சிரிப்பு வராதுங்க. பெருக்கும்போதெல்லாம் நெனப்பேன், யாரு பெத்த பொண்ணோ, இப்ப எங்க இருக்கோன்னு."

"நான்தாங்க" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்தார். அந்த நேரத்தில் யாராவது என்னைத் திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். நாற்காலி போட்டதும் உட்கார்ந்து விசும்ப ஆரம்பித்துவிட்டேன்.

தங்கை உட்காரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரைஸ்மில்காரரின் நாலு போட்டோவையும் ஒவ்வொன்றாக அழித்தாள்.

"யாரோ மில்லுக்காரரப் போயி கும்புட்டு அழுதிருக்கேன்" என்றாள். "உனக்கும் முகம் தெரியாதுல்ல?"

"தெரியும்னுதாண்டி நெனச்சிட்டிருந்தேன். மறந்துபோச்சி. சத்தியமா எப்ப மறந்துச்சின்னு எனக்கே தெரியல."

"அத சொல்ல வேண்டியதுதான? தெரியலடின்னு ஒரு வார்த்த! இத்தன வருஷம் என்ன வாயத் தொறக்க வுட்டியா நீ? உனக்கு இன்னா தெரியும், உனக்கு இன்னா தெரியும்னு..."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அந்த அம்மா எங்களுக்கு நடுவில் புகுந்து பேச்சை மாற்றப் பார்த்தார், பாவம். தன் மாமனார் இந்தத் தலையைச் செய்த கதையைச் சொன்னார். நாங்கள் கொடுத்த போட்டோவை அவருக்குப் பிடிக்கவில்லையாம். இதில் ஆள் இல்லை, பயம்தான் இருக்கிறது என்றாராம். பஸ் பிடித்துக் குடிகாட்டுக்குப் போய் மூணு நாள் கிளினிக் வாசலில் உட்கார்ந்து, வருகிற நோயாளிகளை எல்லாம் கேட்டிருக்கிறார், கம்பவுண்டர் எப்படி இருப்பார் என்று. அத்தனை பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்களாம். ஊசியைக் கையில் எடுத்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பார், அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே குத்திவிடுவார், வலியே தெரியாது என்று.

"தலை திரும்பி வந்தப்போ உங்க மாமாவுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"வருத்தம்தான். ஆனா உங்க மேல கோவமில்லீங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்லல, வீட்ல அவரு சிரிச்சிருக்க மாட்டாரு, நாந்தான் வீட்லயும் விசாரிச்சிருக்கணும்னாரு. அதுக்கப்புறம் எந்தத் தலை செஞ்சாலும் வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் உக்காந்துட்டுத்தான் வருவாரு."

எனக்கு அதைக் கேட்டதும் அந்த மனுஷர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. என் பேச்சை அவர் ஒருத்தர்தான் முழுசாகக் காதில் வாங்கியிருக்கிறார். ஆனால் அதே வேகத்தில் அப்பா மேல் கோபமும் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பொறாமைதான். ஊரில் இருக்கிற சொறி சிரங்குக்கெல்லாம் காட்டிய சிரிப்பை எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா? பதினாறு வருஷம் அந்த வீட்டில் இருந்தேனே. காலையில் நான் எழுந்திருக்கும் முன்னால் போவார், வந்தால் சாப்பாடு, விளக்கை அணை. ஐம்பத்தி நாலு வயசில், சிமெண்டுத் தலை ஒன்றின் முன்னால் உட்கார்ந்து அதற்காக அழுதேன்.

தங்கை இதற்குள் அந்தத் தலைக்கு முன்னால் வந்திருந்தாள். இந்தத் தடவை கும்பிடவில்லை, தொடவில்லை. ஒரு தடவை ஏமாந்தவள் அல்லவா, தள்ளியே நின்று பார்த்தாள். பிறகு கொஞ்சம் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். புதுப்புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, கழுத்தை மல்லாத்தி, மேடைக்குக் கீழே இருந்து அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாடி பண்ற?"

"அக்கா, அப்பாவுக்குப் பல்லு மேல பல்லு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. சிற்பி அதை அவ்வளவு கவனமாகச் செய்திருந்தார். நாங்கள் கொடுத்த போட்டோவில் வாய் மூடியிருக்கும். நோயாளி யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"தெரியாதுடி" என்றேன். பெற்ற அப்பாவின் வாயில் இருந்த பல் எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள், என்னைப் பார்க்காமல், அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு. "எனக்கு ஒண்ணே ஒண்ணு ஞாபகத்துல இருக்குக்கா. நான் தூளில படுத்திருக்கேன். மேல துணி விலகுது. ஒரு முகம் எட்டிப் பாக்குது. சிரிக்குது. பல்லு மேல பல்லு. நம்ம சின்ன மாமாவோன்னு நெனச்சி ஒருநாள் அவரு பல்லயே உத்துப் பாத்துட்டிருந்தேன். அவருக்கு வரிசப் பல்லு. சரி, கனவு கினவா இருக்கும்னு வுட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லவேயில்லயேடி."

"சொல்ல வந்தேன். பத்து வயசுல. நீ வுடல."

ரெண்டு வயசில் ஞாபகம் இருக்குமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் அதை விழுங்கினேன். அந்த அம்மா ஓசைப்படாமல் வெளியே போய் வாசல் பக்கம் நின்றுகொண்டார். எனக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கிற மாதிரியே கழுத்தை மல்லாத்திப் பார்த்தேன்.

"அப்புறம் இன்னா பண்ணுவாரு?" என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கிண்டல் செய்கிறேனா என்று பார்த்திருப்பாள்.

"துணிய மூடிடுவாரு" என்றாள். "கொஞ்ச நேரம் இருட்டா இருக்கும். மறுபடியும் திறப்பாரு."

"சிரிப்பாரா?"

"சிரிப்பாருக்கா."

"இன்னொரு வாட்டி சொல்லுடி" என்றேன். முதலிலிருந்து சொன்னாள்.